ஆறு கண்ணியும் ஒரு தொப்பியும்

முனையில் சிறு கொக்கி உள்ள ஓர் ஊசி, ஒரு நூற்கண்டு. குரோஷா பின்னலுக்கு வேண்டிய கருவிகள் இவ்வளவே. தறி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். இந்த இரண்டைக் கொண்டே தொப்பி பின்னலாம். தொப்பியில் வைத்துத் தைக்க ஒரு பூ பின்னலாம். கைப்பை, மேசை விரிப்பு, குழந்தையின் காலுறை ஆகியவற்றையும் பின்னலாம். ஒரு காலத்தில் நம் வீடுகளில் வானொலிப் பெட்டியின் மீதும் தொலைக்காட்சிப் பெட்டியின் மீதும் விரித்திருந்த வெண்ணிறப் பூவேலை விரிப்புகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் பல இந்த ஊசியின் வேலைதான். பிரெஞ்சு மொழியில் 'குரோஷே' என்ற சொல்லுக்குச் சிறு கொக்கி என்றே பொருள்.

நூல் ஒன்று, ஊசி ஒன்று, பின்னுகிற கையும் ஒன்று. ஆயினும் நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டு போனால், ஒரு முறை தட்டையான வட்டம் வருகிறது. ஒரு முறை கிண்ணம்போலக் குழிகிறது. மற்றொரு முறை ஓரமெல்லாம் அலை அலையாக நெளிகிறது. பழகிய கைகள் இதைப் பார்த்தவுடன், "இங்கே கண்ணி குறைந்துவிட்டது" அல்லது "இங்கே கண்ணி கூடிவிட்டது" என்று சொல்லிவிடும். எத்தனை குறைந்தது, எத்தனை கூடியது? அதற்கும் வடிவத்துக்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்றால் வட்டத்தின் சுற்றளவில் தொடங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கணித அறிஞர்களைத் திகைக்க வைத்த ஒரு புதிய வடிவியலில் போய் நிற்போம். போகிற வழியில் தலைக்குச் சரியாகப் பொருந்தும் தொப்பி ஒன்றும் கிடைத்துவிடும்.

கண்ணி உருவாகும் விதம்

ஊசியில் ஒரு நூல் வளையம் இருக்கிறது. கொக்கியால் நூலைப் பிடித்து அந்த வளையத்தின் வழியே இழுத்தால் புதிய வளையம் ஒன்று பிறக்கிறது. பழைய வளையம் அதன் அடியில் அடங்கிவிடுகிறது. இப்படியே தொடர்ந்தால் கிடைப்பது 'சங்கிலி'. ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி.

சங்கிலியின் மீது மாடி எழுப்புவதுதான் அடுத்த வேலை. கீழே உள்ள கண்ணியில் ஊசியை நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு வளையங்கள் நிற்கும். மீண்டும் நூலைப் பிடித்து இரண்டின் வழியாகவும் இழுத்தால் ஒரு 'குட்டைப் பின்னல்' முடிகிறது. இதன் உயரமும் அகலமும் ஏறத்தாழ சமம். ஊசியை நுழைப்பதற்கு முன்பே நூலை ஒரு முறை ஊசியில் சுற்றிக்கொண்டு, வளையங்களை இரண்டிரண்டாக விடுவித்தால் 'நெட்டைப் பின்னல்' கிடைக்கும். இது அகலத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு உயரம் உடையது. அடிப்படை இவ்வளவுதான். ஒரே கண்ணியில் இரண்டு பின்னல் போட்டால் எண்ணிக்கை ஒன்று கூடும். இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்கினால் ஒன்று குறையும்.

இந்தத் துணியில் தொடக்கத்தையும் முடிவையும் தவிர வேறெங்கும் முடிச்சுக் கிடையாது. பிறகு எது அதைப் பிடித்து வைத்திருக்கிறது? உராய்வுதான். துறைமுகத்தில் பெரிய கப்பலின் வடத்தை இரும்புத் தூணில் சில சுற்றுகள் சுற்றிவிட்டு, அதன் மறுமுனையை ஒரே ஆள் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கலாம். சுற்றுகள் கூடக்கூட, மறுமுனையில் பிடிக்க வேண்டிய விசை மிக வேகமாகக் குறைகிறது. உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், அரைச் சுற்றில் தேவைப்படும் விசை சுமார் இரண்டரையில் ஒரு பங்காகிறது. நான்கு அரைச் சுற்றுகளில் 43இல் ஒரு பங்காகிவிடுகிறது. ஒவ்வொரு கண்ணியிலும் நூல் பல முறை தன்னைத் தானே வளைத்துச் சுற்றிக்கொள்கிறது. அதனால்தான் துணியைப் பிடித்து எவ்வளவு இழுத்தாலும் அது கலைவதில்லை.

ஆனால் ஊசியில் நிற்கும் கடைசி வளையத்தை விட்டுவிட்டு நூலை இழுத்தால் எல்லாம் வரிசையாகப் பிரிந்துவிடும். தாங்கிப் பிடிக்க அதற்கு மேல் வேறு வளையம் இல்லை என்பதே காரணம். எனவே முடிக்கும்போது நூலை வெட்டி, அதன் நுனியை அந்தக் கடைசி வளையத்தின் வழியாக முழுதும் இழுத்துவிட வேண்டும்.

ஆறு எங்கிருந்து வந்தது?

தட்டையான வட்டம் பின்னுவதற்கு ஒரு வழக்கமான விதி உண்டு. நடுவில் 6 குட்டைப் பின்னல், அடுத்த சுற்றில் 12, அதற்கடுத்து 18, பிறகு 24, 30, 36. சுற்றுக்கு ஆறு கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஏன் ஆறு? ஐந்து அல்லது எட்டு என்று இருக்கக் கூடாதா?

பள்ளியில் படித்த பாடத்தை நினைவு கூர்வோம். வட்டத்தின் சுற்றளவு, ஆரத்தைப்போல் 2π மடங்கு. அதாவது ஆரம் 1 செ.மீ. கூடினால் சுற்றளவு 6.28 செ.மீ. கூடும். வட்டம் சிறியதா பெரியதா என்பது பொருட்டல்ல. இப்போது ஒரு சுற்றுப் பின்னினால் ஆரம் ஒரு பின்னலின் உயரம் அளவுக்குக் கூடுகிறது. எனவே சுற்றளவு, பின்னல் உயரத்தைப்போல் 6.28 மடங்கு கூட வேண்டும். குட்டைப் பின்னலின் உயரமும் அகலமும் சமமாக இருப்பதால் 6.28 பின்னல்கள் கூட வேண்டும். பின்னலைப் பின்னமாகப் போட முடியாது, ஆகவே ஆறு. மீதமுள்ள 0.28ஐ நூலின் நெகிழ்ச்சி ஈடு செய்துவிடுகிறது.

நெட்டைப் பின்னல் இரு மடங்கு உயரம் என்பதால் அதற்கு இரு மடங்கு, அதாவது 12 தேவை. பின்னல் புத்தகங்களில் 6, 12 என்று வரும் எண்கள் வேறெதுவுமல்ல, π என்ற மாறிலியின் வேலைதான். உங்கள் கையில் குட்டைப் பின்னல் 0.5 செ.மீ. அகலமும் 0.6 செ.மீ. உயரமும் உள்ளதாக விழுந்தால், 6.28ஐ 0.6ஆல் பெருக்கி 0.5ஆல் வகுத்துப் பாருங்கள், ஏழரை வரும். 'எல்லோரும் ஆறு கூட்டுகிறார்கள். எனக்கு மட்டும் கிண்ணமாகக் குழிகிறதே' என்று வருந்துவோர் ஏழு அல்லது எட்டுக் கூட்டினால் சரியாகிவிடும்.

கூட்டும் இடத்தையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய கூட்டலுக்கு நேர் மேலேயே கூட்டிக்கொண்டு போனால் ஆறு மூலைகள் எழுந்து வட்டம் அறுகோணமாகிவிடும். சுற்றுக்குச் சுற்று இடத்தைச் சற்று நகர்த்திக் கூட்டினால் மூலைகள் மறைந்து வட்டம் உருவாகும்.

குறைத்தால் கூம்பு, கூட்டினால் அலை

சுற்றுக்கு ஆறுக்குப் பதிலாக மூன்றே கூட்டினால் என்ன ஆகும்? ஓரத்துக்குத் தேவையான சுற்றளவில் பாதிதான் கிடைக்கிறது. துணி தட்டையாகக் கிடக்க முடியாமல் மேலெழுந்து கூம்பாகிறது. இதைத் தாளில் சோதிக்கலாம். ஒரு வட்டத் தாளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைச் சுருட்டி, வெட்டிய ஓரங்களை ஒட்டுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் மூன்று பக்கமும் சமமான முக்கோணம்போல் தெரியும். பிறந்த நாள் விழாவில் குழந்தைகள் அணியும் கூம்புத் தொப்பி இதுதான். கூட்டலே இல்லாமல் பின்னினால் உருளை. தொப்பியின் பக்கச் சுவர் இப்படித்தான் அமைகிறது.

ஆறுக்கு மேல் கூட்டினால், ஓரத்தில் தேவைக்கு மேல் துணி சேர்ந்துவிடுகிறது. அந்த மிகுதி எங்கே போகும்? மேலும் கீழுமாக நெளிந்துதான் இடம் தேடிக்கொள்ளும். ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு பின்னல் என்று ஒவ்வொரு சுற்றிலும் இரட்டித்துப் பாருங்கள். சாதாரண வட்டத்தில் பத்தாவது சுற்றில் 60 கண்ணிகள் இருக்கும். இரட்டித்துக்கொண்டே போனால் பத்தாவது சுற்றில் 3,072 இருக்கும்! அந்த இடத்துக்குள் அவ்வளவும் அடங்க வேண்டுமானால் துணி கோழிக்கொண்டைப் பூவைப்போல் மடிப்பு மடிப்பாகச் சுருள்வதைத் தவிர வேறு வழியில்லை. உண்மையில் அந்தப் பூவின் கொண்டையும் ஓரம் வேகமாக வளர்வதால்தான் அப்படி மடிகிறது.

எறும்பின் கயிறு

ஒரு பரப்பு வளைந்திருக்கிறதா என்று அறிய, அதை வெளியிலிருந்து பார்த்தால்தானே முடியும்? பரப்பின் மீதே ஊரும் எறும்பால் அதை அறிய முடியுமா? முடியும் என்று 1827ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கணித மேதை காஸ் நிறுவினார். அவர் தந்த 'வளைவு' என்ற அளவை, பரப்பை விட்டு வெளியேறாமலே, பரப்பின் மீது எடுக்கும் நீளங்களைக் கொண்டே கணக்கிடலாம்.

எறும்பு ஒரு முளை அடித்து, அதில் சிறு கயிறு ஒன்றைக் கட்டி, கயிற்றை விறைப்பாகப் பிடித்தபடி முளையைச் சுற்றி வருவதாகக் கொள்வோம். நடந்த தூரம் கயிற்றின் நீளத்தைப்போல் 6.28 மடங்கானால் அது தட்டையான தளம், வளைவு சுழி. தூரம் அதைவிடக் குறைந்தால் அது பானையின் வயிற்றுப் பகுதிபோன்ற பரப்பு. வளைவு நேர்க் குறி உடையது. தூரம் கூடினால் அது பானையின் கழுத்துப் பகுதிபோன்றது. அங்கே பரப்பு ஒரு திசையில் உள்நோக்கியும், குறுக்குத் திசையில் வெளிநோக்கியும் வளைகிறது. குதிரைச் சேணமும் அவ்வாறே. இங்கே வளைவு எதிர்க் குறி உடையது.

குரோஷா ஊசி செய்வதும் இதே அளவீடுதான். சுற்றுகளின் எண்ணிக்கை கயிற்றின் நீளம். கடைசிச் சுற்றின் கண்ணிகள் எறும்பு நடந்த தூரம். எறும்பு ஏற்கெனவே இருக்கும் பரப்பை அளக்கிறது. பின்னுபவரோ எண்ணிக்கையை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பரப்பைப் படைக்கிறார்.

தலைக்கு ஏற்ற தொப்பி

இப்போது தொப்பிக்கு வருவோம். தலையின் மேற்பகுதியை ஓர் அரைக்கோளம் என்று கொள்வோம். தலையின் சுற்றளவு 56 செ.மீ. உச்சியிலிருந்து கீழிறங்கும்போது, தட்டையான வட்டத்துக்கும் கோளத்துக்கும் சுற்றளவு எப்படி வேறுபடுகிறது என்று பாருங்கள்.

உச்சியிலிருந்து 3.5 செ.மீ. தூரத்தில்: தட்டையில் 22.0 செ.மீ., கோளத்தில் 21.4 செ.மீ.
7 செ.மீ. தூரத்தில்: தட்டையில் 44 செ.மீ., கோளத்தில் 39.6 செ.மீ.
10.5 செ.மீ. தூரத்தில்: தட்டையில் 66 செ.மீ., கோளத்தில் 51.7 செ.மீ.
14 செ.மீ. தூரத்தில்: தட்டையில் 88 செ.மீ., கோளத்தில் 56 செ.மீ.

முதல் வரியில் வேறுபாடு 6 மி.மீ. மட்டுமே. உச்சியின் அருகில் கோளமும் தட்டையும் ஏறக்குறைய ஒன்றுதான். நாம் வாழும் ஊர் நமக்குத் தட்டையாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். பூமியின் அளவோடு ஒப்பிட்டால் ஊர் மிகச் சிறியது. எனவே தொப்பியின் தொடக்கத்தில் தட்டை வட்டத்தைப்போலவே சுற்றுக்கு ஆறு கூட்டலாம். போகப் போகக் கூட்டலைக் குறைக்க வேண்டும். கடைசியில் நிறுத்திவிட வேண்டும்.

எப்படிக் குறைப்பது? உச்சியிலிருந்து தொப்பி அதிக அகலம் அடையும் இடம் வரை உள்ள சுற்றுகளை மூன்று சம பங்காகப் பிரியுங்கள். அவை கோளத்தில் 30, 60, 90 பாகைகளுக்கு நேராகும். இவற்றின் சைன் மதிப்புகள் 0.5, 0.866, 1. ஆகவே மொத்தக் கூட்டலில் முதல் பங்கில் 50 விழுக்காடும், இரண்டாவதில் சுமார் 37 விழுக்காடும், மூன்றாவதில் சுமார் 13 விழுக்காடும் சேர வேண்டும். இது ஏறத்தாழ 3 : 2 : 1 என்ற விகிதம். விதி எளிதாகிவிட்டது. முதல் பங்கில் எல்லாச் சுற்றிலும் ஆறு கூட்டுங்கள். இரண்டாம் பங்கில் மூன்று சுற்றுகளில் இரண்டில் கூட்டி ஒன்றை வெறுமனே பின்னுங்கள். மூன்றாம் பங்கில் மூன்று சுற்றுகளில் ஒன்றில் மட்டும் கூட்டுங்கள்.

எடுத்துக்காட்டாக, பின்னலின் அகலமும் உயரமும் 0.5 செ.மீ. என்போம். நூல் நீளாவிட்டாலும் வளையங்கள் உருமாறுவதால் துணி நெகிழும். ஆகவே தொப்பியைத் தலையைவிட 2 செ.மீ. சிறிதாக, 54 செ.மீ. சுற்றளவில் அமைக்கலாம். அதற்கு 108 கண்ணிகள் தேவை. சுற்றுக்கு ஆறு வீதம் 18 கூட்டும் சுற்றுகள். உச்சியிலிருந்து அதிக அகலம் வரை உள்ள தூரம் சுற்றளவில் கால் பங்கு, அதாவது 13.5 செ.மீ.; இது 27 சுற்றுகள். ஒரு பங்குக்கு 9 சுற்றுகள். முதல் ஒன்பதில் 9, இரண்டாவதில் 6, மூன்றாவதில் 3. ஆக மொத்தம் 18. கணக்கு நேராகிறது. அதன்பின் கூட்டாமல் 12 சுற்றுகள் பின்னினால் தொப்பி காதுவரை இறங்கிவிடும்.

பிறந்த குழந்தைக்கும் இதே விதிதான். நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு 34 செ.மீ. அளவில் இருக்கும். மெல்லிய நூலில் பின்னல் 0.45 செ.மீ. என்றால், 18 சுற்றுகளில் 6, 4, 2 எனப் பன்னிரண்டு முறை கூட்டுங்கள். 72 கண்ணிகள், 32.4 செ.மீ. சுற்றளவு கிடைக்கும்.

இந்த அளவு வெறும் அழகுக்காக மட்டும் அல்ல. தீக்காயத்தின் பரப்பை மதிப்பிடும் மருத்துவர்கள், பெரியவர்களுக்குத் தலையும் கழுத்தும் உடற்பரப்பில் 9 விழுக்காடு என்றும், கைக்குழந்தைக்கு 18 விழுக்காடு என்றும் கொள்கிறார்கள். குழந்தையின் உடல் வெப்பம் தலை வழியாக இழக்கப்படும் வாய்ப்பு அந்த அளவுக்கு அதிகம். நூலிழைகளுக்கிடையே அடைபட்டு அசையாமல் நிற்கும் காற்றுதான் தொப்பியின் கதகதப்புக்குக் காரணம். காற்று வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும். நீரோ காற்றைப்போல் இருபது மடங்குக்கு மேல் கடத்தும். எனவே ஈரமான தொப்பியை உடனே மாற்ற வேண்டும். தொப்பி சிறிதானால் வழுக்கி மேலேறிக் கழன்றுவிடும்; பெரிதானால் இறங்கி மூக்கை மூடும். குழந்தையின் தொப்பியில் மணி, பொத்தான், நீண்ட கயிறு ஆகியவை கூடா. எப்போது அணிவிப்பது, எப்போது கழற்றுவது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

விளிம்பும் அலங்காரமும்

பெரியவர்களின் தொப்பிக்கு வெயில் மறைக்கும் விளிம்பு வேண்டுமானால் மீண்டும் கூட்டத் தொடங்க வேண்டும். சுற்றுக்கு ஆறு கூட்டினால் தட்டையாக விரியும். மூன்று கூட்டினால் மணியின் வாய்போலச் சரியும். பத்து, பன்னிரண்டு கூட்டினால் அலை பாயும். அகலமான விளிம்பு தன் எடையாலேயே தொங்கும். இதற்கு மெல்லிய ஊசியால் இறுக்கிப் பின்னுவது ஒரு வழி. பருத்தி நூலானால் நம் வீட்டு முறைப்படி கஞ்சி போட்டு, தட்டையான இடத்தில் விரித்துக் காயவைப்பது மற்றொரு வழி.

அலங்காரம் அனைத்தும் இதே கணக்கின் விளையாட்டுதான். 30 கண்ணிகள் கொண்ட சங்கிலி பின்னி, திரும்பி வரும்போது ஒவ்வொரு கண்ணியிலும் மூன்று நெட்டைப் பின்னல் போடுங்கள். ஒரு விளிம்பு மற்றதைவிட மிக நீளமாகிவிடுவதால் துணி தானாகவே திருகுசுருளாகச் சுற்றிக்கொள்ளும். தொப்பியின் உச்சியில் தொங்கவிடக் குஞ்சம் கிடைத்துவிட்டது. சிறு வளையத்தைச் சுற்றி 'குட்டை, நெட்டை, நெட்டை, நெட்டை, குட்டை' என்று ஐந்து முறை பின்னினால் ஐந்து இதழ்ப் பூ. நடுவில் உயரம் கூடி ஓரங்களில் குறைவதால் ஒவ்வொரு கூட்டமும் இதழாக வளைகிறது.

தாளில் முடியாதது நூலில் முடிந்தது

ஒரு நேர்கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளியின் வழியாக, அந்தக் கோட்டைச் சந்திக்காத கோடு ஒன்றே ஒன்றுதான் வரைய முடியும் என்று பள்ளியில் படிக்கிறோம். இது யூக்ளிடின் ஐந்தாவது எடுகோளோடு தொடர்புடையது. அப்படிப்பட்ட கோடுகள் பல இருந்தால் என்ன என்று கேட்டு, ரஷ்ய அறிஞர் லோபச்செவ்ஸ்கி 1829இலும், ஹங்கேரிய அறிஞர் போயாய் 1832இலும் ஒரு புதிய வடிவியலை வெளியிட்டார்கள். அதில் முக்கோணத்தின் கோணங்கள் சேர்ந்து 180 பாகையை எட்டுவதில்லை. எங்கும் ஒரே அளவு எதிர் வளைவு கொண்ட பரப்பில் இந்த வடிவியல் செல்லும். அந்தப் பரப்பை முழுமையாக நம் முப்பரிமாண வெளியில் மழமழப்பாக அமைக்க இயலாது என்று 1901இல் ஹில்பர்ட் நிறுவினார். அதன் ஒரு துண்டையாவது கையில் பிடித்துக் காட்டலாமே? தாள் வளையங்களை ஒட்டி மாதிரிகள் செய்தார்கள். ஆனால் அவை எளிதில் கிழிந்தன. வகுப்பில் கைமாற்றிப் பார்க்க உதவவில்லை.

1997இல், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக் கழகத்தில் பணியாற்றிய டைனா டைமினா குரோஷா ஊசியை எடுத்தார். லாத்வியாவில் பிறந்த அவர் இளமையிலேயே கைவேலை பழகியவர். அவருடைய விதி மிக எளியது: குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள கண்ணிகளுக்கு ஒன்று வீதம் எப்போதும் கூட்டிக்கொண்டே போவது. ஐந்து கண்ணிக்கு ஒன்று கூட்டினால் ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப்போல் 1.2 மடங்கு ஆகிறது. நான்கு சுற்றுகளில் ஏறத்தாழ இரட்டிக்கிறது. இரட்டை ஊசிப் பின்னலில் எல்லாக் கண்ணிகளையும் ஊசியிலேயே தாங்க வேண்டும். இவ்வளவு வேகமாகப் பெருகும் கண்ணிகளுக்கு அது ஒத்துவராது. குரோஷாவிலோ ஊசியில் நிற்பது ஒரே வளையம்தான்.

இந்தத் துணியை மடித்தால் மடிப்பு ஒரு நேர்கோடாகும். ஒரு கோட்டைச் சந்திக்காத பல கோடுகள் ஒரே புள்ளி வழியாகச் செல்வதை வேறு நிற நூலால் தைத்தே காட்டிவிடலாம். 170 ஆண்டுகளாகக் குறியீடுகளில் மட்டுமே வாழ்ந்த உண்மையை மாணவர்கள் விரலால் தொட்டார்கள். டைமினா இதைப் பற்றி எழுதிய நூல் 2009இல் வெளிவந்தது. 2012இல் அமெரிக்கக் கணிதச் சங்கம் ஒன்றின் ஆய்லர் நூல் பரிசையும் பெற்றது.

யாருடைய கணக்கு?

ஓரம் சுருளும் பூ விளிம்பைப் பின்னத் தெரிந்த பெண்கள் அதற்கு முன்பே எத்தனையோ நாடுகளில் இருந்தார்கள். அவர்கள் கையில் இருந்ததும் எதிர் வளைவுப் பரப்புதான். ஆனால் அதைக் கணக்கு என்று எவரும் அழைக்கவில்லை, பொழுதுபோக்கு என்றார்கள்.

பெயர் மாறினால் கூலியும் மாறும். 1845ஆம் ஆண்டு அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும் பஞ்சம் வந்தபோது, பல குடும்பங்களின் அடுப்பு எரிந்தது பெண்கள் குரோஷா ஊசியால் பின்னி விற்ற பூவேலையால்தான். ஆந்திரத்தில் கோதாவரிப் பகுதியிலுள்ள நரசாபூரில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஏற்றுமதிக்காகப் பின்னினார்கள். ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அவர்களைப் பற்றி 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். நாள் முழுவதும் உழைத்தாலும் அவர்களை 'வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள்' என்றும், வேலையை 'ஓய்வு நேர வேலை' என்றும் கருதியதால் கூலி மிகக் குறைவாகவே கிடைத்தது என்று அவர் எடுத்துக்காட்டினார்.

கடையில் மலிவு விலையில் ஒரு குரோஷா தொப்பியைக் கண்டால் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டைத் துணியையும் பனியன் துணியையும் இயந்திரங்கள் நெய்து தள்ளுகின்றன. உண்மையான குரோஷாவை ஆலைகளில் பெருமளவில் பின்னும் இயந்திரம் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. நாம் கணக்கிட்ட 108 கண்ணித் தொப்பியில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கண்ணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவருடைய கை இழுத்திருக்கிறது. சுற்றுக்குச் சுற்று எண்ணியும் இருக்கிறது.

செய்து பாருங்கள்

மாணவர்களுக்கு ஒரு சோதனை. ஒரே நூலில் பத்துச் சுற்றுகள் கொண்ட நான்கு வட்டங்களைப் பின்னுங்கள். எல்லாவற்றையும் 6 கண்ணிகளில் தொடங்குங்கள். முதலாவதில் சுற்றுக்கு 3, இரண்டாவதில் 6, மூன்றாவதில் 9, நான்காவதில் 12 கூட்டுங்கள். கடைசி ஓரத்தின் நீளத்தையும், நடுவிலிருந்து ஓரம் வரை துணியின் மீதே எடுத்த தூரத்தையும் நூலால் அளந்து, ஒன்றை மற்றதால் வகுத்துப் பாருங்கள். எந்தத் துணியில் விடை 6.28ஐ நெருங்குகிறது, எதில் குறைகிறது, எதில் மிஞ்சுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலை இயற்பியல் ஆய்வேட்டில் எழுதலாம்.

பின்னத் தெரியாதவர்கள், வீட்டில் பின்னத் தெரிந்த அத்தையையோ பாட்டியையோ அணுகுங்கள். "ஓரம் சுருளாமல் இருக்க எத்தனை கண்ணி கூட்டுவீர்கள்?" என்று கேளுங்கள். விடையாக வரும் எண்ணை 2π உடன் ஒப்பிட்டு, அது ஏன் சரியாக இருக்கிறது என்பதை அவர்களுக்கும் சொல்லிக் காட்டுங்கள்.